மலைக் குட்டைக்கு மலைக்கேற்ற மீன்கள்

ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு என்ற பெயர் வந்தது என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரிலும், தலைச்சோலை போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் காபி, மிளகு, ஆரஞ்சு ஆகியவையே விவசாயிகளின் பிழைப்பு. பூ மழை தவறும் ஆண்டுகளில் காபிச் செடிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருப்பதால், தோட்டத்தின் பள்ளமான மூலையில் குட்டை வெட்டி மழை நீரைத் தேக்கி வைப்பது உண்டு. குட்டையில் தண்ணீர் நின்றுவிட்டால் அடுத்து எழும் எண்ணம் மீன் வளர்ப்புதான். நல்ல எண்ணமே. காபி விலை ஏறி இறங்கும் காலத்தில், வீட்டுக்குக் குழம்பு மீனும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் தரக்கூடிய துணைத் தொழிலை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் குட்டை வெட்டுவதில் காட்டும் அக்கறையை மீனைத் தேர்ந்தெடுப்பதில் பலர் காட்டுவதில்லை. சமவெளியில் கிடைத்த குஞ்சுகளை, கலப்பாக எது இருக்கிறதோ அதை, பை பையாக வாங்கி மலை ஏற்றிக் கொண்டு வந்து கொட்டிவிடுகிறார்கள். சில மீன்கள் குளிரில் இரை எடுக்காமல் முடங்குகின்றன. சில ஒன்றின் இரையை மற்றொன்று பறித்துக்கொண்டு இரண்டும் மெலிகின்றன. சில தம்மைவிடச் சிறியவற்றை விழுங்கிவிடுகின்றன. ஓர் ஆண்டு கழித்து வலை வீசினால் கைப்பிடி அளவு மீன்தான் வருகிறது. “மலையில் மீன் வளராது” என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பம் குட்டைப் பக்கமே திரும்புவதில்லை. இந்த முடிவு தவறானது. பொருத்தமான மீன்களைச் சேர்த்து விட்டால் மலையிலும் மீன் வளரும். ஆகவே சேர்வராயன் மலைக்கென்று தனி மீன் பட்டியல் வேண்டும். சமவெளிப் பட்டியலை மலைக்கு ஏற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

பார்க்க வேண்டிய மூன்று பொருத்தங்கள்

பெரிய ஏரியில் ஒரு மீனுக்கு இன்னொன்று ஒத்துவராவிட்டால் அது விலகி வேறு மூலைக்குப் போய்விடும். ஐந்து சென்ட் குட்டையில் விலகிப் போக இடம் கிடையாது. எனவே தண்ணீர் சிறியதாகச் சிறியதாகப் பொருத்தம் பார்ப்பது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

முதல் பொருத்தம் இரை. தண்ணீரின் மேல்தட்டில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் மீன்கள் உண்டு. நடுத்தட்டில் மேயும் மீன்கள் உண்டு. அடிச் சேற்றைக் கிளறி அங்குள்ள புழுக்களையும் மக்கிய பொருள்களையும் தின்னும் மீன்கள் உண்டு. கரையோரப் புல்லையும் நீர்ப்பாசியையும் கடித்துத் தின்பவையும் உண்டு. ஒரு தட்டுக்கு ஒரு மீன் என்று வைத்தால் குட்டையில் உள்ள இரை முழுவதும் பயன்படும். ஒரே தட்டில் இரண்டு வகை மீன்களை விட்டால் போட்டிதான் மிஞ்சும்.

இரண்டாவது பொருத்தம் வெப்பம். ஒவ்வொரு மீனுக்கும் அது பிறந்த நாட்டுத் தண்ணீரின் வெப்பமே பிடிக்கும். மூன்றாவது பொருத்தம் அளவும் குணமும். வாய்க்குள் அடங்கும் மீனைப் பெரிய மீன் விட்டு வைக்காது. வேகமாக இனம் பெருக்கும் மீன் மற்றவற்றுக்கு இடம் வைக்காது.

இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்றுகள் இருக்கின்றன. இமாசலப் பிரதேசத்தில் பக்ரா அணைக்குப் பின்னால் உள்ள கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில் 1971-ம் ஆண்டு வெள்ளத்தில் வெள்ளிக்கெண்டை தற்செயலாக நுழைந்தது. மேல்தட்டில் மேயும் கட்லாவுக்கு அது நேர் போட்டியாளர். குளிர்ந்த தண்ணீரும் வெள்ளிக்கெண்டைக்கே சாதகமாக இருந்தது. காலப்போக்கில் அந்த நீர்த்தேக்கத்தின் மீன்பிடிப்பில் வெள்ளிக்கெண்டையே பெரும்பங்கு பிடித்தது. கட்லா பின்தங்கியது. அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்திலேயே இந்தக் கதி என்றால், வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சமவெளிப் பட்டியல் ஏன் ஒத்துவராது?

சேலம், ஓமலூர், மேட்டூர் பக்கத்துக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றையும் 40, 30, 30 என்ற விகிதத்தில் விடுவது பழகிய முறை. கட்லா மேல்தட்டு, ரோகு நடுத்தட்டு, மிர்கால் அடித்தட்டு என்பதால் இரைப் பொருத்தம் மிகச் சரியாக அமைந்திருக்கிறது. இம்மீன்களுக்கு ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை ஹீராலால் சௌத்ரி 1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி ஒரிசாவில் வெற்றிகரமாகச் செய்து காட்டினார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1971-ம் ஆண்டு தொடங்கிய அகில இந்தியக் கூட்டு மீன் வளர்ப்புத் திட்டத்தின் மூலம் பல வகைக் கெண்டைகளைச் சேர்த்து வளர்க்கும் முறை நாடெங்கும் பரவியது.

இந்த மூன்றும் கங்கைச் சமவெளியைச் சேர்ந்த மீன்கள். தண்ணீர் 25 முதல் 32 டிகிரி வரை இருக்கும்போது இவை நன்றாக வளரும். ஏற்காட்டில் கோடையிலேயே பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் 13 டிகிரி வரை இறங்குகிறது. மூடுபனி சூழ்ந்த நாள்களில் குட்டை நீருக்கு வெயிலே கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட தண்ணீரில் கட்லாவும் ரோகுவும் உடனே செத்துவிடுவதில்லை. ஆனால் இரை எடுப்பது குறைந்து வளர்ச்சி நின்றுவிடும். போட்ட தவிடும் புண்ணாக்கும் அடியில் தங்கி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

உயரமான இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீரில் கரையும் பிராணவாயுவும் குறைவு. 20 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் கடல் மட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். ஏற்காட்டு உயரத்தில் அதே தண்ணீர் ஏழரை மில்லிகிராம்தான் ஏற்கும். சமவெளிக் கணக்கில் நெருக்கமாக மீன் விடுவதற்கு மலைக் குட்டை இடம் தராது.

மலைக்கு ஏற்ற மூவர்

இமயமலையின் நடுத்தர உயரத்துக் கிராமங்களிலும் இதே சிக்கல் இருந்தது. பீம்தாலில் 1987-ம் ஆண்டு தொடங்கப்பட்ட குளிர்நீர் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அங்குள்ள சிறு குட்டைகளுக்குப் பரிந்துரைத்தவை புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, சாதாக்கெண்டை என்ற மூன்று மீன்கள். சேர்வராயன் மலைக்கும் இந்த மூன்றே பொருந்தும்.

புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் சீனத்து ஆறுகளிலும், ரஷ்ய எல்லையில் ஓடும் அமூர் ஆற்றிலும் பிறந்தவை. கடுங்குளிரைக் கண்ட மீன்கள் அவை. 1959-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. சாதாக்கெண்டை அதற்கும் முன்பே வந்தது. அதன் கண்ணாடிச் செதில் வகை 1939-ம் ஆண்டு இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. ஆகவே மலைத் தண்ணீர் அதற்குப் புதிதல்ல.

இந்த மூன்றின் இரைப் பொருத்தமும் அருமையானது. புல்கெண்டை தோட்டத்தில் களையெடுத்த புல்லைத் தின்னும். வெதுவெதுப்பான நாள்களில் தன் எடையில் பாதி அளவுக்குப் புல் தின்னக்கூடியது. தின்றதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது. அந்தக் கழிவு குட்டைக்கு எருவாகி, தண்ணீரில் பச்சை நிற நுண்ணுயிர்களை வளர்க்கிறது. மேல்தட்டில் உள்ள வெள்ளிக்கெண்டை அந்த நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. மிஞ்சியது அடியில் தங்கும்போது சாதாக்கெண்டை கிளறித் தின்கிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவு. விலைக்கு வாங்கும் தீவனம் குறைவாகப் போதும் என்பதால் சிறு விவசாயிக்கு இது மிகவும் ஏற்றது.

எத்தனை விடலாம்? ஐந்து சென்ட் குட்டையின் பரப்பு சுமார் 200 சதுர மீட்டர். இரண்டு சதுர மீட்டருக்கு ஒரு மீன் என்று கொண்டால் 100 மீன்கள். அவற்றில் புல்கெண்டை 40, வெள்ளிக்கெண்டை 30, சாதாக்கெண்டை 30 என்று விடலாம். தினமும் புல் அறுத்துப் போட ஆள் இல்லாத வீட்டில் புல்கெண்டையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது மீன்கள் அரை கிலோ எடைக்கு வந்துவிட்டால் மொத்தம் 20 கிலோ. நாளொன்றுக்கு 10 கிலோ வரை புல் கேட்கும். அதை இப்போதே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

சாதாக்கெண்டையை 30-க்கு மேல் உயர்த்தக் கூடாது. அது மண் கரையைக் குடைந்து இரை தேடும் பழக்கம் உள்ளது. எண்ணிக்கை மிகுந்தால் கரை சரியும். தண்ணீர் கலங்கி வெயில் உள்ளே இறங்காமல் போகும். வெயில் இறங்காவிட்டால் பச்சை நுண்ணுயிர் வளராது. வெள்ளிக்கெண்டை பட்டினி கிடக்கும். பாலித்தீன் விரிப்பு போட்ட குட்டையில் கரை சரியும் பயம் இல்லை. ஆனால் விரிப்பின் மேல் அரை அடி மண் பரப்பாவிட்டால் அடித்தட்டில் இரை உண்டாகாது.

வெள்ளிக்கெண்டையின் சதை மென்மையானது. பிடித்தபின் விரைவில் கெடும். அதனால் தொலைவான சந்தைக்கு அனுப்புவதை நம்பாமல், கரையிலேயே அன்றன்று விற்றுவிடுவது நலம்.

சேர்க்கக் கூடாதவை

ஜிலேபிக்கெண்டை எனப்படும் திலேப்பியா 1952-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சிறு வயதிலேயே முட்டையிட்டு, குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்து, ஆண்டுக்குப் பல தடவை பெருகும் மீன் அது. வைகை, அமராவதி நீர்த்தேக்கங்களில் அது எப்படிப் பெருகியது என்பதை மீனவர்கள் அறிவார்கள். ஐந்து சென்ட் குட்டையில் நான்கு ஜோடி புகுந்தால் போதும். குட்டை முழுவதும் விரல் நீளக் குஞ்சுகளாகி, எந்த மீனும் பெருக்காது. உரிமம் பெற்று ஆண் மீன்களை மட்டும் வளர்க்கும் முறை வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-ம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. கிடைத்ததை எல்லாம் தின்று தீர்க்கும் மீன் அது. வேகமாக வளரும் கெளுத்தி என்று யாராவது கொடுத்தால் வாங்காமல் விலகுவதே நல்லது.

விரால் விலை போகும் நாட்டு மீன். ஆனால் கெண்டைக் குஞ்சுகளோடு சேர்த்தால் குஞ்சுகளே அதற்கு இரை. விரால் வேண்டுவோர் தனிக் குட்டையில் தனியாக வளர்க்கலாம். மிர்காலையும் சாதாக்கெண்டையையும் ஒரே சிறு குட்டையில் விடக் கூடாது. இரண்டும் அடித்தட்டு மீன்கள். கட்லாவையும் வெள்ளிக்கெண்டையையும் சேர்க்கக் கூடாது என்பதற்குக் கோவிந்த சாகரே சாட்சி.

மலை என்றதும் நீலகிரியைப் போல ட்ரவுட் மீன் வளர்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நீலகிரியில் அவலாஞ்சி பொரிப்பகத்தின் துணையோடு ட்ரவுட் நிலைபெற்றது, அங்குள்ள ஓடைகள் எப்போதும் சில்லென்று ஓடுவதால்தான். ஏற்காட்டின் கோடை வெயிலில் தேங்கி நிற்கும் குட்டை நீர் அதற்கு ஒத்துவராது. அந்த ஆசையில் பணத்தைப் போட வேண்டாம்.

அந்நிய மீன்களை மலையில் ஏன் விட வேண்டும் என்று சிலர் கேட்பது நியாயமான கேள்வி. சேர்வராயன் மலையிலிருந்து திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இறங்கிக் காவிரிக்குப் போகின்றன. வாணியாறு மறுபக்கம் இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. இந்த ஓடைகளில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் சிறு நாட்டு மீன்கள் உண்டு. அவற்றுக்குத் தீங்கு வரக் கூடாது. புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் தேங்கிய தண்ணீரில் இனம் பெருக்குவதில்லை. பெரிய ஆற்றோட்டம் இருந்தால்தான் அவை முட்டையிடும். ஆனால் சாதாக்கெண்டை குட்டைச் செடிகளிலேயே முட்டையை ஒட்டி வைத்துப் பெருகிவிடும். எனவே ஓடையைத் தடுத்துக் கட்டிய குட்டையிலும், மழைக்காலத்தில் ஓடையோடு சேர்ந்துவிடும் குட்டையிலும் சாதாக்கெண்டையை விடவே கூடாது. அங்கே புல்கெண்டை 50, வெள்ளிக்கெண்டை 30 என்று எண்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்தக் குட்டையானாலும் தண்ணீர் வழியும் இடத்தில் நெருக்கமான கம்பி வலை கட்டாயம் வேண்டும். வலை கட்ட மனமில்லாதவர் மீன் விடாமல் இருப்பதே மலைக்குச் செய்யும் உதவி.

காபியோடும் பொருந்த வேண்டும்

சமவெளியில் மீனோடு மீன் பொருந்தினால் போதும். காபித் தோட்டத்தில் மீன் காபியோடும் பொருந்த வேண்டும். பழம் பறிக்கும் காலத்தில் பல்பர் இயந்திரத்திலிருந்து வரும் கழுநீரில் சர்க்கரையும் பசையும் மிகுதி. அது குட்டையில் கலந்தால் புளித்து, தண்ணீரில் உள்ள பிராணவாயுவை ஒரே இரவில் தீர்த்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுத் திணறுவதைக் காணலாம். கழுநீர் ஒரு சொட்டும் வராதபடி குட்டைக்கு மேல்புறம் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும்.

இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோக் கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அது மீனுக்கு நஞ்சு. உப்புகள் குறைந்த மலைத் தண்ணீரில் அதன் வேகம் இன்னும் கூடுதல். தண்டுத் துளைப்பானுக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளும் அப்படித்தான். குட்டைக்குச் சரிவாக உள்ள பாத்தியில் மழைக்கு முந்திய நாள் மருந்து அடிப்பது, குட்டையிலேயே மருந்தைக் கரைப்பதற்குச் சமம். தெளிப்பானைக் குட்டையில் கழுவும் வழக்கத்தையும் விட வேண்டும். களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லைப் புல்கெண்டைக்குப் போடக் கூடாது.

நிழல் மரங்களின் சருகும் கவனிக்க வேண்டிய ஒன்று. சில்வர் ஓக் இலைகள் குட்டையில் உதிர்ந்து மக்கினால் தண்ணீர் கறுத்துப் புளிக்கும். வாரம் ஒரு முறை அரித்து எடுத்துவிட வேண்டும். மலை மண்ணில் புளிப்புத் தன்மை இருப்பதால், மீன் விடுவதற்கு இரண்டு வாரம் முன்பு சென்ட்டுக்கு 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு தூவுவது நலம். அதற்கு ஒரு வாரம் கழித்துச் சென்ட்டுக்கு 10 கிலோ சாணி போதும்.

எப்போது விடுவது, எப்போது பிடிப்பது?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காபி பூப்பதற்காகக் குட்டைத் தண்ணீரை இறைத்துப் பாய்ச்ச வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் குட்டையில் வளர்ந்த மீன் இருந்தால் விவசாயிக்கு இரண்டு மனமாகிவிடும். காபியைக் காப்பாற்றினால் மீன் போகும். மீனைக் காப்பாற்றினால் பூ போகும். இந்தத் தொல்லைக்கு ஒரே வழி காலத்தைச் சரியாகப் பிடிப்பது. ஜூன் மாதம் குட்டை நிறையும்போது மீனை விட்டு, பிப்ரவரியில் இறைப்பதற்கு முன் பிடித்துவிட வேண்டும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. புல்கெண்டை, வெள்ளிக்கெண்டைக் குஞ்சுகள் மழைக்காலத்தில்தான் பொரிக்கப்படுகின்றன. அந்த நுண்குஞ்சுகளை வாங்கினால் குளிர் வருவதற்குள் அவை வளர்வதில்லை. ஆகவே சென்ற ஆண்டுக் குஞ்சுகளாக, குறைந்தது 10 சென்டிமீட்டர் நீளம் உள்ளவையாகப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். விலை சற்றுக் கூடுதலாகும். ஆனால் எட்டு மாதத்தில் உண்ணும் அளவுக்கு வளர்வது அவைதான்.

மேட்டூர் போன்ற இடங்களிலிருந்து பிராணவாயு நிரப்பிய பைகளில் குஞ்சுகள் வருகின்றன. சமவெளித் தண்ணீர் 28 டிகிரி, மலைக் குட்டை 20 டிகிரி என்றால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த குஞ்சை அப்படியே குட்டையில் கொட்டுவது கொல்வதற்குச் சமம். பையைக் கட்டியபடியே அரை மணி நேரம் குட்டையில் மிதக்க விட வேண்டும். பிறகு குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறும்படி விட வேண்டும்.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, வெயில் ஏறிய பின் காலை பத்து மணி அளவில் போடலாம். மூடுபனி விலகாத நாளில் தீவனம் போட வேண்டாம். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து தவித்தால் எருவையும் தீவனத்தையும் நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

மிகுதியாக ஆசைப்படவும் கூடாது. விட்ட நூறில் எண்பது பிழைத்து, சராசரி அரை கிலோ வந்தால் 40 கிலோ மீன். வீட்டுக்கு வைத்துக்கொண்டது போக அக்கம்பக்கத்தில் விற்கலாம். இதற்குமேல் ஆசை காட்டிப் பேசுபவர்களின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கண்ணாடித் தொட்டிக்கும் இதே விதி

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைப்பவர்களுக்கும் மேலே சொன்ன மூன்று பொருத்தங்களே வழிகாட்டி. ஃபைட்டர் ஆண் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மிஞ்சாது. நீண்ட வால் கொண்ட கப்பியையும் ஃபைட்டர் துன்புறுத்தும். தங்க மீன் குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. ஏஞ்சல் மீன் வெதுவெதுப்பை விரும்புவது. ஏற்காட்டு வீட்டில் சூடாக்கி இல்லாமல் வளர்க்க ஏற்றது தங்க மீன்தான்.

பவளப் பாறை மீன்களைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ஆசையும் இப்போது பரவுகிறது. அவற்றுக்கு 25 டிகிரிக்குக் குறையாத வெப்பம் இரவும் பகலும் வேண்டும். மலையில் ஒரு இரவு மின்சாரம் நின்றால் தொட்டி குளிர்ந்துவிடும். மேலும் பவளங்களும் கடல் குதிரையும் 2001-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். கோமாளி மீன்தான் வேண்டும் என்பவர்கள், கடலில் பிடித்ததை விட்டு, பொரிப்பகத்தில் பிறந்த ஒரே ஒரு ஜோடியோடு நிறுத்திக்கொள்வது சிறு தொட்டிக்கு நல்லது.

எந்தத் தொட்டி மீனானாலும், வேண்டாம் என்றானபின் குட்டையிலோ ஏரியிலோ கொண்டு விடக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளர்ந்து, கரையைக் குடைந்து, வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அது ஏற்கெனவே புகுந்துவிட்டது. மலை உச்சியில் விட்டது மழையோடு கீழே இறங்கும் என்பதை மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

மலை விவசாயிக்கு இன்று தேவை இரண்டு. ஒன்று, சேர்வராயன் மலைக்கென்று எழுதிய தெளிவான மீன் பட்டியல். எந்த மீன், எத்தனை, எந்த மாதம், எந்தக் குட்டையில் கூடாது என்பது ஒரே தாளில் அடங்கிவிடும். மீன்வளத் துறையும், நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகமும், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் கூடி, மலையிலேயே சில விவசாயிகளின் குட்டையில் ஓராண்டு சோதித்துப் பார்த்து அந்தத் தாளை வெளியிடலாம்.

மற்றொன்று, மலையிலேயே வளர்த்த குஞ்சுகள். பத்து விவசாயிகள் சேர்ந்தால் அவர்களில் ஒருவருடைய குட்டையை நாற்றங்காலாக ஒதுக்கலாம். ஆகஸ்டில் கீழிருந்து வந்த சிறு குஞ்சுகளை அங்கே விட்டு, அடுத்த ஜூன் வரை வளர்த்தால், குளிரைப் பழகிய குஞ்சுகள் எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் நாற்றங்கால் குட்டையில் மட்டும் மார்ச் மாத இறைப்புக்குப் பிறகும் மூன்று அடித் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றாத ஊற்று உள்ள குட்டையாகப் பார்த்து ஒதுக்குவது நலம்.

காபிச் செடிக்கு நிழல் மரம் தேர்ந்தெடுக்கும்போது மலை விவசாயி பத்து முறை யோசிக்கிறார். மிளகுக் கொடி ஏற எந்த மரம் ஏற்றது என்று தெரிந்து நடுகிறார். அதே யோசனையைக் குட்டைக்குள் விடும் மீனுக்கும் கொடுத்தால் போதும். இந்த ஜூன் மாதம் குஞ்சு வாங்கப் புறப்படுமுன் குட்டையின் ஆழத்தையும், ஓடை சேரும் வழியையும், கழுநீர் வரும் பக்கத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது நலம்.